மன்னித்துவிட்டுப் போயிருக்கலாமே?

கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு திருப்பலியின்போது, தங்கள் நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். ஓரிடம் வந்ததும் மொத்தக் கோயிலும் தலை வணங்கும். இறைமகன் இயேசு கன்னி மரியாவிடம் உடல் எடுத்து மனிதர் ஆனார் என்று சொல்கிற இடம் அது. கிறிஸ்துமஸ் அன்றும், அதற்குச் சரியாக ஒன்பது மாதம் முந்தி வரும் மார்ச் 25 அன்றும் தலை வணங்கினால் மட்டும் போதாது, முழங்காலிட வேண்டும் என்பது ஒழுங்கு.

அதற்கு முந்தைய வரியை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கடவுள் எதற்காக இறங்கி வந்தார் என்பதற்குப் பிரமாணம் தருகிற விடை அங்கேதான் இருக்கிறது: நமக்காகவும், நம் மீட்புக்காகவும். அவ்வளவுதான். 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள் எழுதிய அறிக்கையிலேயே இது உண்டு. இப்படி ஆயர்கள் கூடிய பிற்காலச் சங்கங்கள் இயேசு யார் என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. 451இல் கால்சிதோன் சங்கம், அவர் முழுக் கடவுள், முழு மனிதர், இரண்டு இயல்பும் கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி ஒருவரிடம் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லுக்குச் சொல் அளந்து வைத்தது. ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தச் சங்கங்கள் அப்படியொரு வாய்பாடு எழுதித் தரவில்லை.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் கேட்பதோ எப்போதும் இந்த 'ஏன்'தான். கடவுள் எல்லாம் வல்லவர் என்கிறீர்கள், நினைத்தால் மன்னித்துவிட்டுப் போயிருக்கலாமே, எதற்காக ஒரு பெண்ணின் வயிற்றில் பிறந்து, முப்பது வயதுவரை தச்சுவேலை பார்த்து, கடைசியில் சிலுவையில் சாக வேண்டும்? சிவனைப் 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்று சிலப்பதிகாரக் காலத்திலிருந்தே சொல்லிவரும் மொழி நம்முடையது. பிறப்பதே கடவுளுக்கு இழுக்கு என்று நினைப்பவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே எழும். சபைக்குள் இருப்பவர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் தேடிய விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவும் இல்லை.

முதலில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போவோம். அங்கே 328 முதல் 373 வரை ஆயராக இருந்தவர் அத்தனாசியு. அந்த 45 ஆண்டுகளில் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டவர். பேரரசர்களோடு ஒத்துப்போகத் தெரியாத மனிதர். கடவுள் மனிதரானதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், கடவுள் ஒரு இக்கட்டில் மாட்டிக்கொண்டதைப்போலத் தொடங்குகிறது. பாவம் செய்தால் சாவீர்கள் என்று மனிதரிடம் சொல்லியாயிற்று. சொன்ன சொல் பொய்க்கக் கூடாது. ஆனால் தன் சாயலில் படைத்த உயிர்கள் அழிந்து மண்ணாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் படைத்தவருக்கு அழகில்லை. என்ன செய்வது?

மனிதர் மனம் வருந்தினால் போதாதா என்ற கேள்வியை அவரே எழுப்புகிறார். போதாது என்கிறார். செய்தது வெறும் குற்றமாக இருந்தால் வருத்தம் போதும். ஆனால் இங்கே நடந்தது வேறு. உயிரின் ஊற்றான கடவுளை விட்டு விலகியதால் மனித இயல்புக்குள்ளேயே அழிவு புகுந்துவிட்டது. நோயாளியிடம் 'உன்மேல் எனக்குக் கோபமில்லை' என்று வைத்தியர் சொன்னால் நோய் போய்விடுமா? (இந்த உவமை என்னுடையது. அத்தனாசியுவின் உவமைகள் இதைவிட நன்றாகவே இருக்கும்.)

ஒரு பலகையில் ஒருவருடைய உருவம் தீட்டப்பட்டிருக்கிறது. அழுக்குப் படிந்து உருவம் மறைந்துபோயிற்று. ஓவியத்தின் அருமை கருதிப் பலகையைத் தூக்கி எறிய மனமில்லை. அந்த ஆளே மறுபடி வந்து எதிரே உட்கார்ந்தால்தான் அதே பலகையில் அதே முகத்தைத் திரும்பத் தீட்ட முடியும். அப்படித்தான், எந்தச் சாயலில் மனிதர் படைக்கப்பட்டார்களோ அந்தச் சாயலே நேரில் வந்தது என்கிறார். இன்னோர் இடத்தில், பேரரசர் ஒரு நகரத்துக்கு வந்து ஒரே ஒரு வீட்டில் தங்கினாலும் ஊர் முழுவதற்கும் அது மதிப்பு, கொள்ளையர் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள் என்கிறார். மனிதகுலம் அந்த ஊர். இயேசுவின் உடல் அந்த வீடு. தீப்பற்றக்கூடிய வைக்கோலைக் கல்நாரால் மூடினால் அதற்கு நெருப்பைப் பற்றிய பயம் போய்விடும் என்பது மூன்றாவது. மூன்றிலும் கணக்குத் தீர்ப்பது, தண்டிப்பது என்ற பேச்சே இல்லை. நூலில் கடனும் மரணமும் ஒரு நூலிழையாக வருகின்றன என்றாலும், அழுத்தம் உயிரைத் திருப்பித் தருவதில்தான்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற வரியும் இதில்தான் இருக்கிறது: நாம் கடவுளாக்கப்படும்படி அவர் மனிதரானார். முதல் தடவை கேட்கும் பல புராட்டஸ்டண்ட் நண்பர்கள் திடுக்கிடுவார்கள். இது என்ன உபதேசம் என்பார்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் இது இன்றும் அன்றாடப் பாடம். மனிதர் படைத்தவராகிவிடுவார் என்று இதற்குப் பொருளில்லை. உலையில் கிடக்கும் இரும்பு இரும்பாகவே இருந்துகொண்டு நெருப்பின் ஒளியையும் சூட்டையும் வாங்கிக்கொள்வதைப்போல என்று பழைய ஆசிரியர்கள் விளக்குவார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. 'ஏன்' என்பதற்குச் சங்கங்கள் வாய்பாடு தரவில்லை என்றேன். ஆனால் 'யார்' என்பதைத் தீர்மானித்ததே இந்த 'ஏன்'தான். மகனும் படைக்கப்பட்டவரே என்று அலெக்சாந்திரியக் குரு ஆரியுஸ் சொன்னபோது அத்தனாசியு ஏன் அவ்வளவு கொதித்தார்? தன்னிடமே உயிர் இல்லாத ஒருவர் பிறருக்கு உயிரை எங்கிருந்து தருவார் என்பதுதான் காரணம். பிச்சைக்காரரிடம் போய்க் கடன் கேட்ட கதையாகிவிடும். அரை நூற்றாண்டு கழித்து அப்பொல்லினாரிஸ் என்ற ஆயர், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித அறிவு கிடையாது, அந்த இடத்தில் இறைவார்த்தையே, அதாவது இறைமகனே, இருந்தது என்றார். நாசியான்சு ஊர் கிரெகோரி என்ற இறையியலாளர் ஒரு கடிதத்தில் ஒரே வரியில் அதை முடித்துவைத்தார்: எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகாது. மனிதர் தவறு செய்வது அறிவையும் மனதையும் கொண்டுதானே? அதை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் என்ன பயன்? கால்சிதோனின் 'முழு மனிதர்' என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த வைத்தியக் கணக்குத்தான்.

இன்னொரு பக்கம் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. 'அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்' என்று மாற்கு நற்செய்தியில் இயேசு சொல்கிறார். மீட்கும்பொருள் என்றால் அடிமையையோ கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகை. சரி, அந்தத் தொகை யாரிடம் கொடுக்கப்பட்டது? பிசாசிடம் என்றார்கள் சிலர். இன்னொரு கிரெகோரி, நைசா ஊர் ஆயர், இதை ஒரு தூண்டில் கதையாகவே சொன்னார். மனித உடல் இரை, உள்ளே மறைந்திருந்த தெய்வத்தன்மை முள். இரையை விழுங்கப்போன மீன் முள்ளில் மாட்டிக்கொண்டது. வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டின் தன் பிரசங்கங்களில் சிலுவையைப் பிசாசுக்கு வைத்த எலிப்பொறி என்றார். ஆண்டவரின் சாவு பொறியில் வைத்த இரை.

கேட்கும் மக்கள் ரசித்திருப்பார்கள், சந்தேகமில்லை. நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் 15ஆம் நூற்றாண்டு நெதர்லாந்து ஓவியம் ஒன்று இருக்கிறது. நடுப்பலகையில் வானதூதர் மரியாவிடம் வருகிறார். பக்கத்துப் பலகையில் வயதான யோசேப்பு தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து எலிப்பொறி செய்துகொண்டிருக்கிறார். ஜன்னல் பலகையில் ஒன்று விற்பனைக்கே வைக்கப்பட்டிருக்கிறது. அகஸ்டினின் உவமைதான் அங்கே மரச்சாமானாக வந்து உட்கார்ந்திருக்கிறது என்று 1945இல் மேயர் ஷப்பீரோ என்ற கலை வரலாற்றாளர் எழுதினார்.

ஆனாலும் கடவுள் ஏமாற்றி ஜெயித்தார் என்பது உறுத்தத்தான் செய்யும். நாசியான்சு கிரெகோரிக்கும் உறுத்தியது. கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே கூலியாகக் கொடுப்பதா, என்ன அவமானம் என்று ஒரு பாஸ்கா (உயிர்ப்பு விழா) பிரசங்கத்தில் கேட்டார். அதோடு விடவில்லை. பிதாவிடம்தான் கொடுக்கப்பட்டது என்றால் அதுவும் எப்படி? ஆபிரகாம் பலியிட வந்த மகன் ஈசாக்கை ஏற்காமல் ஆட்டுக்கடாவைக் காட்டியவர், தன் மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார்? இந்த இரண்டாவது கேள்வி பல நூற்றாண்டுகள் சும்மா கிடந்து, பிறகு ஐரோப்பாவில் பெரும் சண்டையாக எழுந்தது.

அந்தச் சண்டையின் நடுவில் நிற்பவர் அன்செல்ம். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அவோஸ்தாவில் 1033இல் பிறந்தவர்; நார்மண்டியில் பெக் மடத்துத் துறவி; 1093 முதல் இங்கிலாந்தில் கான்டர்பரி பேராயர். அரசர் இரண்டாம் வில்லியமோடு மோதி நாட்டை விட்டு வெளியேறி, 1098இல் இத்தாலியில் கபுவா பக்கம் தங்கியிருந்தபோது ஒரு நூலை எழுதி முடித்தார். தலைப்பே 'கடவுள் ஏன் மனிதரானார்' என்பதுதான். போசோ என்ற சீடர் கேட்கக் கேட்க இவர் பதில் சொல்வதாக அமைந்த உரையாடல். போசோ சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. கடவுள் தன் விருப்பத்தாலேயே இதைச் செய்திருக்கலாமே என்று நம்பாதவர்கள் கேட்கும் கேள்வியைத் தன் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு துருவுகிறார்.

அன்செல்ம் முதலில் பிசாசைக் கதையிலிருந்து வெளியேற்றுகிறார். ஓடிப்போன அடிமை இன்னோர் அடிமையைத் திருடிக்கொண்டுபோய் வைத்தால் அவனுக்கு என்ன உரிமை இருக்கிறது, அவனோடு என்ன பேரம்? பிரச்சினை மனிதருக்கும் கடவுளுக்கும் இடையிலானது. கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் இருப்பதே பாவம். இங்கே லத்தீனில் அவர் பயன்படுத்தும் சொல்லுக்குக் 'கடன்பட்டிருத்தல்' என்றும் 'செய்யக் கடமைப்பட்டிருத்தல்' என்றும் இரண்டு பொருள். பல மொழிபெயர்ப்புகளில் இது இரண்டாக உடைந்துபோகும். தமிழில் உடையவே உடையாது. வட்டிக்கு வாங்கியதும் கடன்தான், நன்றிக்கடனும் கடன்தான், ஈமக்கடனும் கடன்தான், ஏன், காலைக்கடன்கூட! அன்செல்மை ஆங்கிலத்தில் படித்துக் குழம்பியபோது 'கடன்' என்ற ஒரு சொல்தான் எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

சரி, கடன்தானே, தள்ளுபடி செய்யலாமே? தள்ளுபடி செய்தால் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் கடவுள் முன் ஒன்றாகிவிடும் என்கிறார். மனம் வருந்தித் திரும்பினால்? நீ பாவத்தின் எடையை இன்னும் யோசித்துப் பார்க்கவில்லை என்கிறார். பிறகு ஒரு விசித்திரமான சோதனை. நீ கடவுள் முன் நிற்கிறாய். 'அந்தப் பக்கம் பார்க்காதே' என்கிறார் அவர். நீ ஒரே ஒரு பார்வை பார்க்காவிட்டால் படைப்பு முழுவதும் அழிந்துபோகும் என்று வைத்துக்கொள். பார்ப்பாயா? போசோ திணறிவிட்டு, கூடாது என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் அந்த ஒரு பார்வையின் எடை படைப்பு முழுவதையும் விடப் பெரிது. அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் மனிதர். அடைக்கக்கூடியவரோ கடவுள் மட்டுமே. ஆகவே ஒரே ஆள் இரண்டுமாக இருந்தாக வேண்டும்.

கணக்கு மாதிரி கச்சிதம். அந்தக் கச்சிதம்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல். கடவுளின் மாட்சிக்கு நேர்ந்த குறை என்று அவர் பேசும்போது, பிரபுவின் மானத்துக்கு ஈடு கேட்கும் அந்தக் கால ஐரோப்பியச் சமூகம் எட்டிப் பார்ப்பதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை என்று நான் நினைப்பது, இந்த வாதத்தில் உயிர்த்தெழுதலுக்கு வேலையே இல்லை. கடன், சிலுவையில் செத்த வெள்ளிக்கிழமையே தீர்ந்துவிட்டது.

ஆனால் அன்செல்ம் சொல்லாத ஒன்றையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். கடவுள் தன் கோபத்தை மகன்மேல் காட்டினார் என்பது அவர் வாதமல்ல. ஒன்று ஈடு, இல்லையென்றால் தண்டனை என்பதே அவர் கணக்கு. கிறிஸ்து ஈடு தந்ததால் தண்டனைக்கு இடமில்லை. நம்முடைய தண்டனையையே அவர் அனுபவித்தார் என்பதை மையமாக வைத்தவர்கள் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகள், குறிப்பாகக் கால்வின். சட்டம் படித்தவர் அவர். மடத்துக் கடன்கணக்கு அவர் கையில் நீதிமன்ற வழக்காயிற்று. அதற்கு ஏசாயா 53இல் வேர் இருக்கிறது: 'நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது.' நம் ஊர் கன்வென்ஷன் கூட்டங்களில் கேட்கும் நற்செய்தி பெரும்பாலும் இந்த வடிவம்தான். கேட்பவர்கள் கிறிஸ்தவம் என்றாலே இது ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆதரித்தாலும் எதிர்த்தாலும் இதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்செல்முக்கு ஒரு தலைமுறை பிந்திய பிரெஞ்சுச் சிந்தனையாளர் பீட்டர் அபெலார்டு, குற்றமற்ற ஒருவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடூரம் என்று ரோமர் கடித விளக்கத்தில் நேரடியாகவே கேட்டார். கடவுள் நம்மோடு தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டதைப் பார்த்து நம் நெஞ்சில் அன்பு மூளுகிறது, அந்த அன்பே நம்மை விடுவிக்கிறது என்பது அவர் விடை. கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு அவர்மேல் பாய்ந்தார். அன்பைக் காட்டினால் மட்டும் போதுமா, விடுதலை எங்கே என்று. எனக்கும் பெர்னார்டு பக்கம் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. கிணற்றில் விழுந்தவனைப் பார்த்துக் கூடவே குதிப்பது அன்புதான், ஆனால் கயிறும் வேண்டுமே.

இவ்வளவு நேரமும் எல்லாருமே ஒன்றை ஒப்புக்கொண்டே பேசினார்கள்: மனிதர் பாவம் செய்தார்கள், அதனால் கடவுள் வந்தார். பாவமே இல்லாதிருந்தால்?

பாஸ்கா இரவில் பாடப்படும் பழைய லத்தீன் புகழுரையில், இப்படிப்பட்ட மீட்பரைப் பெற்றுத் தந்த குற்றம் பாக்கியமான குற்றம் என்று ஒரு வரி வரும். ஆதாம் தவறாமல் இருந்திருந்தால் கிறிஸ்துவும் இல்லை என்பது அதன் உட்பொருள். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதைத் தயக்கத்தோடு ஏற்றார். கடவுள் நினைத்தால் பாவம் இல்லாமலும் வந்திருக்க முடியும். ஆனால் வேதம் வருகையைப் பாவத்தோடுதான் இணைத்துச் சொல்கிறது, அதற்கு மேல் நாம் ஊகிப்பது சரியில்லை என்றார். ஆனால் 1308இல் இறந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி இதைக் கவிழ்த்துப் போட்டார். கடவுளின் செயல்களிலேயே மிகப் பெரியது, ஆதாம் செய்த ஒரு தவற்றுக்குப் பின்விளைவாகவா நடக்கும்? வீட்டில் ஓடு உடைந்ததால்தான் மகனுக்குக் கல்யாணம் செய்தோம் என்று சொல்வதைப்போல அல்லவா ஆகிவிடும்? (ஓடும் கல்யாணமும் என் சேர்க்கை.) எல்லாவற்றுக்கும் முன்னால் கடவுள் நினைத்தது கிறிஸ்துவை. உலகம் அவருக்காகப் படைக்கப்பட்டது. பாவம் நடந்ததால் அந்த வருகை பாடுகளின் வழியே போக வேண்டியதாயிற்று, அவ்வளவே. 'சகலமும் அவரைக்கொண்டும் அவருக்கென்றும் சிருஷ்டிக்கப்பட்டது' என்ற கொலோசெயர் வசனத்தை அவர் வழி வந்தவர்கள் எடுத்துக்காட்டுவார்கள்.

ஸ்கோட்டஸ் இருந்த துறவற சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸ்தான் 1223 கிறிஸ்துமஸ் அன்று கிரெச்சோ என்ற மலைக்கிராமத்தில் வைக்கோல், எருது, கழுதை வைத்து முதல் பெயர்பெற்ற குடிலை அமைத்தவர். இன்று நம் வீடுகளில் டிசம்பரில் கட்டும் குடிலுக்கு அதுதான் மூதாதை. வெள்ளிக்கிழமையைவிடக் குழந்தையின் பிறப்பிலேயே மனதைப் பறிகொடுத்த ஒரு சபையில் இப்படியொரு தத்துவம் பிறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் வருகிறது: இதை எந்தச் சொல்லால் சொல்வது? பழைய வேதாகமம் 'வார்த்தை மாம்சமாகி' என்கிறது. கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் 'மனிதர் ஆனார்' என்கிறது. மாம்சம் காதுக்கு உறுத்தும், ஆனால் கிரேக்க மூலத்திலும் அது உறுத்துகிற சொல்தான். கையில் அகப்படுவது அவதாரம் என்ற சொல். ஆனால் அவதாரம் யுகந்தோறும் நிகழும், நல்லோரைக் காக்கவும் தீயோரை அழிக்கவும். கிறிஸ்தவம் சொல்வது ஒரே ஒரு தடவை, அதுவும் தீயோருக்காகவே சாக. அதனால் பலர் அந்தச் சொல்லைத் தவிர்த்தார்கள். சென்னையில் வழக்கறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் பின்னாளில் மேயராகவும் இருந்த வேங்கள் சக்கரை செட்டியார் தவிர்க்கவில்லை. 1927இல் இயேசுவை அவதாரம் என்று தலைப்பிலேயே சொல்லி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆனால் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருகினார். மற்ற அவதாரங்கள் வேலை முடிந்ததும் முடிந்துவிடும். இந்த அவதாரம் முடியவில்லை, ஆவியின் வழியே இன்னும் தொடர்கிறது என்றார்.

அவர் விளக்கம் முழுவதையும் எல்லாச் சபைகளும் ஏற்காது. ஆனால் முடியவில்லை என்பதில் அவர் பழைய நம்பிக்கைக்கு மிக நெருக்கமாகவே நிற்கிறார். கிறிஸ்தவர்களே அதிகம் யோசிக்காத ஒன்று இது. இயேசு விண்ணேறியபோது மனித உடலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார் என்று எந்த விசுவாசப் பிரமாணமும் சொல்லவில்லை. முப்பத்துச் சொச்சம் ஆண்டுகள் தங்கிவிட்டுத் திரும்பிய பயணம் அல்ல அது. இயேசு விண்ணேறிப் பல ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட முதல் தீமோத்தேயு கடிதம் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்பவரை 'மனுஷனாகிய கிறிஸ்து இயேசு' என்கிறது. கடனை அடைக்க மட்டுமே வந்திருந்தால் அடைத்த பிறகு அந்த உடலுக்கு வேலை இல்லை. அத்தனாசியுவையும் ஸ்கோட்டஸையும் நான் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது இதனால்தான்.

உயிர்த்த இயேசு, சந்தேகப்பட்ட சீடர் தோமாவின் முன் வந்து நிற்கும் காட்சி யோவான் நற்செய்தியில் இருக்கிறது. பூட்டிய கதவுகளைத் தாண்டி வரக்கூடிய உடல் அது. அந்த உடலின் கைகளில் ஆணித் தழும்புகள் ஆறி மறைந்துபோகாமல் அப்படியே இருக்கின்றன. விரலை விட்டுப் பார் என்கிறார்.